வாசலுக்குப் படி வேண்டாம்

வீடு கட்டறவங்க சுவரைப் பார்த்து சந்தோஷப்படுவாங்க. நான் போனைப் பார்த்துத்தான் சந்தோஷப்படணும்னு என் தலையில எழுதியிருக்கு. கட்டறது இங்கே, கட்டச் சொல்றவரு கடலுக்கு அந்தப் பக்கம். தினமும் சாயங்காலம் தையல் கடையில மெஷினை மூடிட்டு நேரா இடத்துக்கு ஓடணும். மேஸ்திரி கை கால் கழுவிட்டுக் கிளம்பறதுக்குள்ள அன்னிக்கு நடந்த வேலையை என் வீட்டுக்காரருக்கு வீடியோல காட்டணும். "கொஞ்சம் இடது பக்கம் திருப்பு. மேலே. அந்த மூலையைக் காட்டு. ஏன் அங்கே கலவை பிதுங்கிட்டு நிக்குது?" கட்டின பொண்டாட்டி முகத்தைக் காட்டுன்னு ஒரு நாள் கேட்டதில்லை மனுஷன்.

"நான் என்ன நீங்க வாடகைக்கு எடுத்த கேமராவா?"ன்னு கேட்டா சிரிப்பாரு. சிரிச்சுட்டு, "ஜன்னலுக்கு மேலே காட்டு"ம்பாரு.

நானும் திட்டிக்கிட்டே காட்டுவேன். காரணம் இருக்கு. துறைமுகத்துல சரக்கு ஏத்தி இறக்கற வேலை அவருக்கு. போன லீவுக்கு வரவேண்டியவரு வரலை. "வீடு முடியட்டும். ஒரேயடியா மூட்டையைக் கட்டிட்டு வந்துடறேன், திரும்பப் போகமாட்டேன்"னு சொல்லிட்டாரு. அன்னையிலேருந்து எனக்கு வீடுன்னா அவரு, அவருன்னா வீடு. ஒரு வரிசை செங்கல் ஏறினா அவரு கொஞ்சம் கிட்ட வந்துட்டாருன்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு. மழை பெய்ஞ்சு வேலை நின்னா, மேஸ்திரியைக்கூட இல்லை, வானத்தைத் திட்டுவேன்.

முதல்ல போட்ட பிளான்ல எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. மாடியில எங்க படுக்கையறை. கீழே கூடம், சமையலறை. வாசலை ஒட்டி, தெருவைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன அறை. அது என்னோடது. அடுத்தவங்க மெஷின்ல உட்கார்ந்து, அடுத்தவங்க பேர் போட்ட கடைக்கு எத்தனை காலம் தைக்கிறது? சொந்தமா ஷட்டர் போட்டு, என் பேர்ல ஒரு பலகை மாட்டணும்னு ஆசை. அவருதான் அதைப் பிளான்ல முதல்ல வரையச் சொன்னவரு. அந்த நல்லதையும் சொல்லணும்ல.

அப்புறம்தான் ஆரம்பிச்சுது கூத்து. ஒரு நாள் திடீர்னு, "படுக்கையறை மாடியில வேண்டாம், கீழேயே போடு"ன்னாரு. சரி, மாடிப்படி ஏறி இறங்கற வேலை மிச்சம்னு நினைச்சேன். அடுத்து, கதவு எல்லாம் அகலமா வைக்கணுமாம். "பீரோவைக் கழட்டாம உள்ளே கொண்டு போகலாம்ல"ன்னு மேஸ்திரி சமாதானம் சொன்னாரு. ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் நடுவுல மேடு இருக்கக்கூடாதாம், தரை ஒரே மட்டமா ஓடணுமாம். குளியலறை கல்யாண மண்டபம் மாதிரி பெரிசா வேணுமாம், அதுல சுவரைச் சுத்திக் கம்பி பதிக்கணுமாம்.

"கம்பி எதுக்குங்க? துணி காயப் போடவா?"

"வயசானா பிடிச்சுக்கத் தேவைப்படும்."

"உங்களுக்கு இன்னும் அம்பதே ஆகலை. இப்பவே கிழவனாகறதுக்கு அட்வான்ஸா?"

அதுக்கும் சிரிச்சாரு. சிரிப்புல சத்தம் வரலை, அன்னிக்கு நான் அதைக் கவனிக்கலை.

வாசலுக்கு வந்தப்பதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வாசலுக்குப் படி வேண்டாமாம். சரிவா ஒரு மேடை போட்டு நேரா உள்ளே விடணுமாம்.

"படி இல்லாத வீடா? இது என்ன வீடா, லாரி வந்து மூட்டை இறக்கற கிடங்கா?"

"பைக்கை உள்ளே ஏத்திடலாம்ல."

"நம்மகிட்ட பைக்கே இல்லையேய்யா!"

"வாங்குவோம்ல"ன்னுட்டு போனை வெச்சுட்டாரு.

எதிர் வீட்டுக்காரி வாசலுக்கு நாலு படி, நாலுக்கும் பளபளன்னு கல்லு. தினமும் அதைக் கழுவறேன்னு சொல்லிட்டு நம்ம வேலை எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு ஓரக்கண்ணால பார்ப்பா. அவ முன்னாடி நான் கிடங்கு கட்டிட்டு உட்காரணுமா? அண்ணிகிட்ட போய் முறையிட்டேன். அண்ணின்னா அவரோட அக்கா. பக்கத்துத் தெருவுலதான் வீடு. தினமும் ஒரு தடவை இடத்துக்கு வந்து, தம்பி சொல்றதுல எல்லாம் ஒரு நொட்டை சொல்லிட்டுப் போனாத்தான் அவங்களுக்குத் தூக்கம் வரும். தண்ணித் தொட்டி எங்கே வைக்கிறதுங்கறதுக்கே அக்காவும் தம்பியும் போன்ல குடுமிப்பிடி சண்டை போட்டவங்க. அவங்க வாயால ரெண்டு வார்த்தை கேட்டா மனுஷன் வழிக்கு வருவாருன்னு நினைச்சேன்.

அவங்க என் முகத்தையே பார்க்காம, "அவன் சொல்றபடியே செஞ்சிடும்மா"ன்னாங்க.

"என்ன அண்ணி, தம்பி பாட்டுக்கு அக்கா தாளமா?"ன்னு வெடுக்குன்னு கேட்டுட்டேன். அதுக்கப்புறம் இடத்துப் பக்கம் வர்றதையே குறைச்சுட்டாங்க. ரோஷம்னு நினைச்சுக்கிட்டேன்.

சரி, யாரும் வேண்டாம், நானே பார்த்துக்கறேன்னு மேஸ்திரியைப் பிடிச்சேன். என்னைவிட வயசுல சின்னவரு, ஆனா உருவத்துல ரெண்டு ஆளு. "படி கட்டுங்க. மூணு படி. மேலே கல்லு போட்டு"ன்னேன்.

"அண்ணன் சரிவுன்னு சொன்னாரேக்கா."

"அண்ணன் அங்கே இருக்காரு. நான் இங்கே இருக்கேன். மழை வந்தா தெருத்தண்ணி யாரு வீட்டுக்குள்ள வரும்? அண்ணன் வீட்டுக்கா, என் வீட்டுக்கா?"

"என் நிலைமை மத்தளம் மாதிரிக்கா. ரெண்டு பக்கமும் அடி"ன்னு முனகிக்கிட்டே கட்டினாரு. படி அழகாத்தான் வந்துச்சு. எதிர் வீட்டுக்காரி கழுவற தண்ணியை அப்படியே விட்டுட்டு நின்னு பார்த்தா. எனக்கு அது போதும்.

ஆனா வீட்டுக்காரருக்குக் காட்டணுமே. "சரிவு போட்டாச்சா?"ன்னு கேட்டாரு. "போட்டாச்சே"ன்னேன். "காட்டு"ன்னாரு. வெளிச்சம் போயிடுச்சுங்கன்னேன். மறுநாள் சார்ஜ் இல்லைன்னேன். அதுக்கு அடுத்த நாள் மேஸ்திரியைக் கெஞ்சி மணலை வாசல் முன்னாடி கொட்ட வெச்சு, அந்தக் குவியலுக்கு மேலாக நிலைக்கதவை மட்டும் காட்டினேன். "மணலை எடுத்ததும் முழுசா காட்டறேன்." முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிறதுன்னு சொல்வாங்களே, நான் அதை மணல்ல மறைச்சேன். வந்து நேர்ல பார்த்துட்டு ரெண்டு நாள் கத்துவாரு, அப்புறம் ஓய்ஞ்சிடுவாருன்னு ஒரு தைரியம்.

கூடத்துக்கு வயர் இழுக்கற அன்னிக்கு அது நடந்துச்சு. சுவிட்ச் பலகை எவ்வளவு உயரத்துல வைக்கிறதுன்னு பேச்சு. எல்லா வீட்டுலயும் வைக்கிற உயரத்துல மேஸ்திரி பென்சிலால கோடு போட்டிருந்தாரு.

"அவ்வளவு மேலே வேண்டாம். ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரு"ன்னாரு வீட்டுக்காரரு, போன்ல.

"எதுக்கு?"

"உட்காருன்னா உட்காரு. உட்கார்ந்தபடியே கையை நீட்டு. சுலபமா எட்டற இடத்துல கோடு போடச் சொல்லு. எல்லா அறையிலயும் அதே உயரம்."

"நான் என்ன மகாராணியா, உட்கார்ந்துக்கிட்டே லைட்டு போட?"ன்னு சிரிச்சுக்கிட்டே பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்தேன். கையை நீட்டினேன். மேஸ்திரி என் விரல் நுனியில கோடு போட்டாரு. "கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாரு, நாற்காலி சுவருல இடிக்காம"ன்னாரு வீட்டுக்காரரு. தள்ளி உட்கார்ந்தேன். அங்கேருந்து கதவைப் பார்த்தேன். அகலமான கதவு. கதவுக்குக் கீழே மேடு இல்லாத தரை. அந்தாண்ட குளியலறை, சுவர்ல கம்பி.

நான் ஆளைப் பார்த்து அளவு எடுக்கறவ. இடுப்பு, கை, தோள்னு டேப் வெச்சே ஆயுசு போனவ. இந்த வீட்டுக்கு யாரோட அளவு எடுத்திருக்காங்கன்னு அந்த நாற்காலியில உட்கார்ந்தப்பதான் எனக்குப் புரிஞ்சுது. நீட்டின கையை மடக்கத் தோணலை.

"எட்டுதா?"ன்னாரு போன்ல.

"எட்டுதுங்க"ன்னேன்.

வீட்டுக்குப் போய் போன்ல இருந்த அவரு படத்தை எல்லாம் புரட்டினேன். லீவுக்கு வரலைன்னு சொன்னதுக்கு அப்புறம் வந்தது எல்லாம் முகம், தோள், பின்னாடி வெள்ளைச் சுவரு. "கம்பெனியில புது ரூம் கொடுத்திருக்காங்க"ன்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. நான் மணல் குவியலை வெச்சு மறைச்ச மாதிரி அவரு தன்னை மறைச்சிருக்காரு. செருப்பைக்கூட ஒழுங்கா மாட்டாம அண்ணி வீட்டுக்கு ஓடினேன்.

"அவருக்கு என்ன ஆச்சு?"

கதவைத் திறந்தவங்க அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க. அப்புறம் சொன்னாங்க. இரும்புச் சட்டம் ஏத்தறப்ப சங்கிலி விட்டு, சட்டம் அவரு மேலேயே விழுந்திருக்கு. ரெண்டு காலையும் முட்டிக்கு மேலே எடுத்துட்டாங்க. கம்பெனியில கொடுத்து வெச்சிருந்த நம்பர் அண்ணியோடது. கல்யாணத்துக்கு முன்னாடி கொடுத்தது, மாத்தவேயில்லை. அதனால அவங்களுக்குத்தான் கூப்பிட்டுச் சொல்லியிருக்காங்க. கண்ணு முழிச்சதும் இவரு அக்காகிட்ட சத்தியம் வாங்கிட்டாரு.

"ஏன் அண்ணி? என்கிட்ட ஏன் சொல்லக்கூடாதாம்?"

"அவளுக்கு வீடாவது முழுசா நிக்கட்டும் அக்கான்னான். வீடு முடிஞ்சதும் சொல்றேன், அதுக்கப்புறம் அவ இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும்னான். நான் என்னம்மா செய்வேன்? தினம் தினம் நீ அவனைத் திட்டிட்டு சிரிக்கறதைப் பார்க்க முடியாமத்தான் நான் அங்கே வர்றதையே விட்டேன்."

போனா போகட்டுமா! எனக்கு அழுகை வர்றதுக்கு முன்னாடி கோபம் வந்துச்சு. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு என்னைப் பத்தி இந்த மனுஷன் கட்டி வெச்சிருக்கிற கோட்டை இதுதானா? கால் போனா பொண்டாட்டியும் போயிடுவான்னு யாரு சொல்லிக் கொடுத்தாங்க இவருக்கு? அந்த நிமிஷமே கூப்பிட்டுக் கிழிக்கணும்னு போனை எடுத்துட்டேன். அப்பதான் படி ஞாபகம் வந்துச்சு. வாங்கன்னு கூப்பிட்டா எந்த வழியா வருவாரு? ஆசைப்பட்டுக் கட்டின மூணு படி வாசல்ல நிக்குதே. வாயால ஆயிரம் சொல்லலாம், படி நின்னா நான் சொல்றதை அவரு நம்பணும்னு என்ன இருக்கு? போனை வெச்சுட்டேன். முதல்ல வாசல், அப்புறம் சண்டை.

மறுநாள் காலையில மேஸ்திரிகிட்ட, "படியை இடிங்க"ன்னேன். "சும்மா விளையாடாதீங்கக்கா"ன்னு சிரிச்சவரு, விஷயத்தைச் சொன்னதும் துண்டால வாயைப் பொத்திக்கிட்டாரு. அப்புறம் சம்மட்டியை எடுத்து அவரே இடிச்சாரு. எதிர் வீட்டுக்காரி, "ஏன், நல்லாத்தானே இருந்துச்சு?"ன்னு கேட்டா. "எனக்குப் பிடிக்கலை"ன்னுட்டேன்.

படி இருந்த இடத்துல சரிவு போட்டாங்க. காய்ஞ்சதும், கலவை கொண்டு போற தள்ளுவண்டியில மணல் நிரப்பி நானே தள்ளிப் பார்த்தேன். பாதி ஏறினதும் வண்டி என்னையே பின்னால தள்ளுச்சு. விட்டுட்டு ஓரமா குதிச்சேன், இல்லைன்னா என் மேலதான் கவிழ்ந்திருக்கும். உயரத்துல இருக்கற வாசலுக்குக் குட்டையா சரிவு போட்டா அப்படித்தானாம்.

"நீளமா இழுக்கணும்கா. நேரா இழுத்தா தெருவுல போய் நிக்கும். பக்கவாட்டுல திருப்பி விட்டாத்தான் ஏறலாம். அப்படித் திருப்பினா..."ன்னு மேஸ்திரி இழுத்தாரு. அவரு கண்ணு என் கடை அறை மேல போச்சு.

சுவரு எழும்பி, ஷட்டருக்கு அளவெடுத்து வெச்சிருந்த அறை. உள்ளே போய் நின்னேன். மெஷின் இந்தப் பக்கம், வெட்டற மேஜை அந்தப் பக்கம், கண்ணாடி மூலையிலன்னு மனசுல எத்தனையோ தடவை சாமான் அடுக்கிப் பார்த்த இடம். தியாகம் கியாகம்னு யாரும் என்னைப் புகழ வேண்டாம், எனக்கு வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு. விழுந்த இரும்பு மேல, சங்கிலி மேல, என்கிட்ட மறைச்ச மனுஷன் மேல, எல்லார் மேலயும் கோபம். கொஞ்ச நேரம் சுவர்ல சாய்ஞ்சு அழுதேன். வெளியே வந்து, "இடிச்சுடுங்க. மெஷினைக் கூடத்துல போட்டுக்கறேன்"ன்னேன்.

அந்த வேலை முடியற வரைக்கும் தினமும் அவருக்கு வீட்டோட மத்த பக்கத்தையே காட்டிட்டு இருந்தேன். சமையலறை அலமாரி, கிணத்து மோட்டார், மாடிக் கைப்பிடி. அவரும் பார்த்துட்டு நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னாரு. ரெண்டு திருடங்க ஒருத்தருக்கொருத்தர் காவல் இருந்த மாதிரிதான்.

சரிவு காய்ஞ்ச அன்னிக்கு சாயங்காலம் அண்ணியை இழுத்துட்டு வந்து போனை அவங்க கையில கொடுத்தேன். "நான் சொல்றப்ப வாசலைக் காட்டுங்க"ன்னேன். மேஸ்திரிகிட்ட, "வண்டியில ஏறி உட்காருங்க"ன்னேன்.

"ஐயோ அக்கா, தெருவுல நாலு பேரு பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும். ஏறுங்க."

அந்தப் பெரிய உடம்பை மடக்கிக்கிட்டு தள்ளுவண்டியில உட்கார்ந்தாரு. போன்ல அவரு குரல்: "அக்கா, நீயா பேசறே? அவ எங்கே? ஏன் படம் இப்படி ஆடுது?" நான் சேலையை இழுத்துச் செருகிட்டுத் தள்ள ஆரம்பிச்சேன். முதல் பாதி வந்துச்சு. திரும்பற இடத்துல வண்டி நின்னுடுச்சு. பல்லைக் கடிச்சுட்டு இடுப்பைக் கொடுத்துத் தள்ளினேன். மேஸ்திரி பயத்துல ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடிட்டாரு. ஏறிடுச்சு. வாசக்கதவு இடிக்கலை, தரை தடுக்கலை. கூடத்தைத் தாண்டி படுக்கையறை வரைக்கும் கொண்டு போய்த் திருப்பிக் கொண்டு வந்து நிறுத்தினேன். அண்ணி எங்க பின்னாலேயே போனோட வந்தாங்க.

போன்ல அவரு மெதுவா, "கடை அறை எங்கேடி?"ன்னு கேட்டாரு.

போனை வாங்கினேன். எனக்கு மூச்சு வாங்குச்சு. "அதை விடுங்க. இந்த மேஸ்திரி உங்களைவிடக் கனமா, லேசா? அதைச் சொல்லுங்க."

அவருக்கு உதடு கோணிக்கிச்சு.

"அவருதான் கனம். நான் இப்ப... லேசாயிட்டேன்டி."

"அதை ஏன்யா என்கிட்ட சொல்லலை?" நான் போட்ட கூச்சல்ல எதிர் வீட்டுக் கதவு திறந்துச்சு. "போனா போகட்டும்னு சொன்னீங்களாமே? எங்கே போவேன்? யாருகிட்ட போவேன்? உங்க அக்காகிட்ட சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு என்கிட்ட சொல்ல வரலையா? நான் இங்கே படிக்காக உங்ககூட சண்டை போட்டுட்டு இருந்திருக்கேன், படிக்காக!"

"நீ என்னை இப்படிப் பார்க்கக்கூடாதுன்னு..."

"போனை இறக்குங்க."

"வேண்டாம்."

"நான் பார்க்கணும். இறக்குங்கன்னா."

ரொம்ப நேரம் அவரு முகம் மட்டும்தான் இருந்துச்சு. அப்புறம் படம் மெதுவா கீழே இறங்குச்சு. சட்டை. இடுப்பு. கட்டில் விரிப்பு மேல பேன்ட்டோட ரெண்டு காலும் பாதியில மடிஞ்சு, தாறுமாறா ஊக்கு குத்தி இருந்துச்சு. நான் தைச்சுக் கொடுத்த பேன்ட்தான். என் பின்னாடி அண்ணி விசும்பற சத்தம் கேட்டுச்சு. மேஸ்திரி வண்டியை விட்டு இறங்காமலே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு.

"யாரு இப்படி ஊக்கு குத்திவிட்டது?"ன்னு கேட்டேன்.

"நானேதான்."

"குத்திடாதா? புண்ணு பட்ட இடத்துல இப்படியா மடிப்பாங்க? இருக்கற பேன்ட்டை எல்லாம் தூக்கிட்டு வாங்க. அளவு பார்த்து வெட்டித் தைச்சுத் தர்றேன்."

படம் கலங்கலா ஆயிடுச்சு. திரும்ப முகத்துக்கு வந்தப்ப அழுது முடிச்சு மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்தாரு, சின்னப் பிள்ளை மாதிரி.

"வீட்டுல இன்னும் பூச்சு வேலை அப்படியே கிடக்கேடி"ன்னாரு.

"கிடக்கட்டும். பூசாத வீட்டுக்கே வாங்க."